துப்பாக்கி ஆட்டம் ஆடுகிற பையன் முரடன் ஆகிவிடுவானா?

கேள்வி: 2023 ஜூன் 4, இரவு 9.40

என் மகனுக்கு 13 வயது. ஒன்பதாம் வகுப்பு போகிறான். லீவு விட்ட நாளிலிருந்து கையில் போன்தான். "சுடுறா, கொல்லுறா, அவனை விடாதே" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துகிறான். பக்கத்து வீட்டு அக்கா, "ரத்த ஆட்டம்னுதான் பப்ஜியையே தடை பண்ணினாங்க, நாளைக்கு உன் பிள்ளையும் கத்தியைத் தூக்குவான் பாரு" என்கிறார். போனைப் போட்டு உடைத்துவிடலாமா என்று வருகிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 4, இரவு 11.15

உடைக்க வேண்டாம், சகோதரி.

நான் கோவில்பட்டியில் 2003 முதல் 2011 வரை பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். எட்டு கம்ப்யூட்டர். இன்டர்நெட் பார்க்க மணிக்கு 20 ரூபாய், ஆட்டத்துக்கு 15. மெயில் பார்க்க வந்தவர்களை நம்பியிருந்தால் கரன்ட் பில்கூடக் கட்டியிருக்க முடியாது. கடையை ஓட்டியது கவுண்டர் ஸ்ட்ரைக் ஆட வந்த பையன்கள்தான். பள்ளி விட்டதும் பையோடு வந்து நாலுக்கு நாலு பிரிந்து உட்கார்வார்கள். அறை முழுக்கத் துப்பாக்கிச் சத்தமும் "ஏய், டஸ்ட் டூ போடுறா" என்ற கூச்சலுமாக இருக்கும். டஸ்ட் டூ என்பது அந்த ஆட்டத்தில் வரும் ஒரு சண்டைக் களம். எட்டு வருஷத்தில் இருநூறு பையன்களாவது என் கண் முன்னால் ஆடியிருப்பார்கள். இன்று ஒருவன் வங்கியில் இருக்கிறான், ஒருவன் திருப்பூரில் கட்டிங் மாஸ்டர், இரண்டு பேர் ஆசிரியர்கள். எல்லோரும் வழியில் பார்த்தால் "அண்ணாச்சி" என்று வண்டியை நிறுத்திப் பேசுகிறவர்கள். ஒருவன்கூடக் கெட்டுப்போகவில்லை.

ஜூன் 5, காலை 7.20

நேற்று அவசரத்தில் விட்டுப்போனது. பக்கத்து வீட்டு அக்கா சொல்வது சரியல்ல. பப்ஜியைத் தடை செய்தது ரத்தத்துக்காக இல்லை. 2020 செப்டம்பர் 2 அன்று 118 செயலிகளை மத்திய அரசு மொத்தமாகத் தடுத்தது, அதில் இதுவும் ஒன்று. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு. நாட்டின் பாதுகாப்பு, இறையாண்மை, மக்களின் தரவு வெளியே போகிறது என்பவைதான் அரசு சொன்ன காரணங்கள். அந்த ஜூனில்தான் எல்லையில் சீனாவோடு கல்வான் மோதல் நடந்திருந்தது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் என்ற இன்னொரு துப்பாக்கி ஆட்டம் போனதும் 54 செயலிகளோடு சேர்ந்து அதே வகையில்தான். பப்ஜியே பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா என்ற பெயரில் 2021 ஜூலையில் வந்தது, 2022 ஜூலையில் எடுக்கப்பட்டது, போன மாதம் திரும்ப வந்திருக்கிறது.

பிள்ளைகள் கெடுகிறார்கள் என்றே சொல்லித் தடுத்த இடம் குஜராத். 2019 மார்ச்சில் ராஜ்கோட் போலீஸ் பப்ஜி ஆடக் கூடாது என்று உத்தரவு போட்டு, கல்லூரிப் பையன்களைக் கைதே செய்தது. போனில் ஆடியதற்காக ஒரு மாணவன் பெயரில் வழக்கு. எனக்கு அது இன்றைக்கும் பொறுக்கவில்லை.

ஜூன் 5, இரவு 10.05

அந்தக் கத்தலைப் பற்றி. பையன் காதில் இயர்போன் இருக்கிறதா என்று பாருங்கள். காதுக்குள் ஆட்டச் சத்தம் நிறைந்திருக்கும்போது பேசினால் தன் குரல் தனக்குச் சரியாகக் கேட்காது, தானாகச் சத்தம் ஏறும். என் கடையில் ஹெட்போன் வாங்கி மாட்டிய மாதம்தான் மாடி வீட்டுக்காரர் முதல் தடவையாகச் சண்டைக்கு வந்தார். அதுவரை ஸ்பீக்கரில் துப்பாக்கி வெடித்தபோதெல்லாம் அவர் வாயே திறந்ததில்லை.

ஜூன் 7, இரவு 11.50

ஒரு கல்லூரித் தம்பி எழுதியிருக்கிறார்: "உங்கள் கடைப் பையன்களை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்லாதீர்கள், ஆய்வுகள் என்ன சொல்கின்றன?" நியாயமான கேள்வி. இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்தேன்.

பழைய ஆய்வுகள் பலவும் ஆய்வகத்தில் நடந்தவை. மாணவனைக் கொஞ்ச நேரம் சண்டை ஆட்டம் ஆட விடுவார்கள். பிறகு வேறொரு போட்டி. அதில் ஜெயித்தால் எதிராளியின் காதில் இரைச்சலைப் போடலாம். எவ்வளவு சத்தமாக, எவ்வளவு நேரம் போடுகிறான் என்பதுதான் அவனுடைய மூர்க்கத்தின் அளவு. இன்னொரு வகையில், காரம் ஆகாத ஒருவருக்கு எவ்வளவு காரச் சாஸ் ஊற்றிக் கொடுக்கிறான் என்று அளப்பார்கள். இதைப் படித்ததும் எனக்கு எங்கள் வீட்டுக் கல்யாணப் பந்திதான் நினைவுக்கு வந்தது. மாப்பிள்ளைத் தோழன் இலையில் ஊறுகாயைக் குவித்து வைக்கிற மச்சான்மாரெல்லாம் இந்தக் கணக்கில் மூர்க்கர்கள்.

ஆனால் எல்லாவற்றையும் அப்படித் தள்ளிவிட முடியவில்லை. 2018இல் 24 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். மொத்தம் 17,000 பேருக்கு மேல், 9 முதல் 19 வயது வரை. கேள்வி ஒன்றுதான்: இன்று வன்முறை ஆட்டம் ஆடுகிறவன், சில மாதங்களோ வருஷங்களோ கழித்து அடிதடியில் முன்னைவிடக் கூடுதலாக இறங்குகிறானா? ஆமாம், கொஞ்சம் கூடுகிறது, ஆனால் சிறிய அளவுதான் என்று வந்தது. அடுத்த வருஷமே ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து ஒன்று வந்தது. பிரிட்டனில் 14, 15 வயதில் 1,004 பிள்ளைகள். எந்த ஆட்டம் வன்முறையானது என்பதைப் பிள்ளைகள் வாயிலிருந்து எடுக்காமல், ஆட்டத்துக்குக் கொடுத்திருக்கும் வயதுச் சான்றிலிருந்து எடுத்தார்கள். பையன் எப்படி நடந்துகொள்கிறான் என்பதைப் பெற்றோரிடம் கேட்டார்கள். அதில் தொடர்பே தெரியவில்லை. 2020இல் அமெரிக்க உளவியல் சங்கம், கொலை, துப்பாக்கிச் சூடு போன்ற பெரிய வன்முறைகளை வீடியோ கேம் தலையில் கட்டப் போதிய ஆதாரம் இல்லை என்றது. பிறரைத் திட்டுவது, தள்ளுவது போன்ற சின்ன மூர்க்கத்துக்குச் சிறு தொடர்பு உண்டு என்பதையும் அதே அறிக்கையில் விடாமல் சொன்னது.

இதை என் கடையோடு வைத்துப் பார்க்கிறேன். ஒரு மணி நேரம் ஆடிவிட்டு எழுந்து போகிற பையன் வாசலில் செருப்பு மாட்டும்போது பக்கத்தில் நிற்பவனைத் தோளால் ஒரு இடி இடித்துவிட்டுப் போவான். டீக்கடை வரைக்கும் அந்தச் சூடு இருக்கும். டீ குடித்ததும் இறங்கிவிடும். அந்த அளவுக்கு உண்டு. உண்டு என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். கத்தியைத் தூக்குகிற கதை வேறு.

ஜூன் 8, காலை 6.45

அமெரிக்காவில் இது உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வன்முறை ஆட்டங்களை விற்கக் கூடாது என்று கலிபோர்னியா போட்ட சட்டத்தை 2011 ஜூன் 27 அன்று ஏழுக்கு இரண்டு என்று நீதிபதிகள் ரத்து செய்தார்கள். ஆட்டத்தால்தான் பிள்ளைகள் மூர்க்கமாகிறார்கள் என்பதை ஆய்வுகள் நிரூபிக்கவில்லை என்பதும் தீர்ப்பில் இருக்கிறது. எதிர்த்து எழுதிய இரண்டு பேரில் ஒருவர், அந்த ஆய்வுகளை அவ்வளவு லேசாக ஒதுக்க முடியாது என்றார். அங்கேயே ஒரே பேச்சு இல்லை.

ஜூன் 11, மாலை 5.30

நாளை பள்ளி திறக்கிறது. வெயிலால் தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் ஆறாம் வகுப்பிலிருந்து மேலே உள்ளவர்களுக்கு 12ஆம் தேதி என்று ஆனது. ஹாக்கி மைதானத்துப் பக்கம் டீக்கடையில் நாலு பையன்கள் கடைசி நாள் என்று வரிசையாக உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். பேட்டில்கிரவுண்ட்ஸ். ஒருவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். குண்டு பட்டவன் உடம்பிலிருந்து பச்சையாக ஏதோ தெறிக்கிறது. இந்தியாவுக்காக ரத்தத்தின் சிவப்பை மாற்றி, "கில்" என்ற சொல்லை "ஃபினிஷ்" ஆக்கியிருக்கிறார்கள்.

"தம்பி, ரத்தம் பச்சையா வருதே, ஒரு மாதிரி இல்லையா?"

"எங்க அண்ணாச்சி?" என்றான். உண்மையாகவே கேட்டான். அவன் கண் மூலையில் இருந்த சின்ன வரைபடத்தில் இருந்தது. வட்டம் சுருங்குகிறது, உள்ளே ஓடாவிட்டால் நாலு பேரும் காலி. செத்தவனுடைய பையைத் துழாவி மருந்தும் குண்டும் எடுப்பதில் கை வேலை செய்கிறது. ரத்தம் எந்த நிறம் என்று கவலைப்படுகிறவர்கள் வெளியிலிருந்து எட்டிப் பார்க்கிற நாம்தான்.

ஐந்து மணி ஆனதும் அதில் இரண்டு பேர் மட்டையை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனார்கள். எங்கள் ஊரில் ஹாக்கி மட்டையால் கணுக்காலில் அடி வாங்காத பையன் கிடையாது. பல் போனவர்கள் இருக்கிறார்கள். அதைப் பார்த்து ஊரில் யாரும் பயந்ததில்லை, பெருமைதான் பட்டிருக்கிறோம்.

ஜூன் 14, இரவு 10.30

"கெட்டுப்போகாதவன்தானே உங்களை வழியில் பார்த்து வண்டியை நிறுத்துவான்? மற்றவன் ஏன் நிற்கப்போகிறான்?" என்று மதுரையிலிருந்து ஒரு டீச்சரம்மா கேட்டிருக்கிறார். மூன்று நாளாக அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. "ஒருவன்கூடக் கெட்டுப்போகவில்லை" என்று முதல் நாள் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இருநூறு பேரில் ஒரு முப்பது பேரைத்தான் நான் இன்று அறிவேன்.

இதையும் சொல்லியாக வேண்டும்: என் கடையில் ரத்தம் சிந்தியிருக்கிறது. 2006, ஏப்ரல் அல்லது மே. நாலுக்கு நாலு ஆட்டம், தோற்ற பக்கம் எட்டுப் பேருக்கும் மணிக்காசு கட்ட வேண்டும், மேலே ஆளுக்கு 50 ரூபாய் பெட். கடைசி ரவுண்டில் ஒருவன் திரும்பி எதிராளியின் ஸ்கிரீனைப் பார்த்துவிட்டான் என்று தகராறு. "பார்த்தே", "பார்க்கல". கீபோர்டைப் பிடுங்கி மூக்கில் ஒரு அடி. வெள்ளைச் சட்டை முழுக்க ரத்தம். நான் கல்லாவிலிருந்து ஓடிப் போவதற்குள் முடிந்துவிட்டது. தரையில் கிடந்த எழுத்துக் கட்டைகளை அடுத்த நாள் காலையில் கூட்டிப் பொறுக்கினேன். ஸ்பேஸ் பட்டன் மட்டும் கிடைக்கவே இல்லை.

அன்றைக்கு எல்லோரும் ஆட்டத்தைத்தான் சொன்னார்கள். நானும் ஒரு மாதம் கவுண்டர் ஸ்ட்ரைக்கை எடுத்துவிட்டேன். அதே மாதம் அதே பையன்கள் ரயில்வே லைன் பக்கம் பெட் மேட்ச் கிரிக்கெட்டில் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு அடித்துக்கொண்டார்கள். அங்கே துப்பாக்கியும் இல்லை, வெடிச்சத்தமும் இல்லை. 50 ரூபாய் இருந்தது, ஏமாற்றிவிட்டான் என்ற ஆத்திரம் இருந்தது. அதற்குப் பிறகு கடையில் பெட் கட்டக் கூடாது என்று சுவரில் எழுதிப்போட்டு ஆட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தேன். அடிதடி அதன் பிறகு வரவில்லை.

ஜூன் 18, மதியம் 2.10

டீச்சரம்மாவின் கேள்வியால் இன்னொரு பையன் நினைவுக்கு வந்துவிட்டான். இதை எழுதுவதா வேண்டாமா என்று நாலு நாள் யோசித்தேன்.

2005. வைஸ் சிட்டி போட்டிருந்த காலம். 17 வயதுக்கு மேல்தான் ஆட வேண்டும் என்று சான்று உள்ள ஆட்டம். என் கடையில் யார் அதைப் பார்த்தார்கள்? நானும் பார்க்கவில்லை. பையன்கள் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் சீட் கோடுகளை, அதாவது ஆட்டத்தில் குறுக்கு வழி திறக்கிற ரகசியச் சொற்களை, எழுதிக்கொண்டு வருவார்கள். பான்சர் என்று அடித்தால் பீரங்கி வண்டி வந்து இறங்கும். அதை வைத்து ஊரையே நொறுக்கிவிட்டு, சிரித்துப் புரண்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

இவன் அப்படி இல்லை. 13 வயது இருக்கும். தனியாக வருவான், ஓரத்தில் எட்டாம் நம்பர் மெஷின்தான் வேண்டும். மிஷன் எதுவும் ஆட மாட்டான், கோடு எதுவும் போட மாட்டான். ஒரு காரை எடுத்து நடைபாதையில் ஏற்றி, நடந்து போகிறவர்களை இடித்துக்கொண்டே போவான். சிரிப்பும் கிடையாது, பேச்சும் கிடையாது. போலீஸ் நட்சத்திரம் ஒவ்வொன்றாக ஏறும். ஆறும் ஏறி ராணுவம் வந்ததும் கீபோர்டிலிருந்து இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொள்வான். அவர்கள் சுட்டு இவன் ஆள் விழுகிற வரைக்கும் அப்படியே பார்த்துக்கொண்டிருப்பான். திரும்ப முதலிலிருந்து ஆரம்பிப்பான். ஒரு மணி நேரமும் இதேதான்.

மற்ற பையன்கள் "அண்ணாச்சி, அவன் ஒரு மாதிரி" என்றார்கள். "காசு கொடுத்து ஆடுறான், உனக்கென்னடா?" என்றேன். ஒரு நாள் ஃபேன் காற்றில் சட்டைக் காலர் தூக்கியது. கழுத்துக்குக் கீழே விரல் தடிமனில் இரண்டு தடம், ஒன்று பழுத்திருந்தது. பெல்ட் அடி. அவன் அப்பாவை எனக்குத் தெரியும். லாட்ஜ் பக்கம் ராத்திரியில் எந்த நிலைமையில் நிற்பார் என்பதும் தெரியும். தடத்தைப் பார்த்தேன், திரும்பி வந்து கல்லாவில் உட்கார்ந்தேன். சில மாதத்தில் அவன் வருவது நின்றது.

ஆட்டம் அவனை மூர்க்கனாக்கியதா என்று இன்று யாராவது கேட்டால், அவன் வீட்டில் நடந்தது அந்தத் திரையில் வந்து கொட்டியது என்றுதான் சொல்வேன். ஆனால் அது என் கண் முன்னால் தினமும் கொட்டியது. பையன் என்ன ஆட்டம் ஆடுகிறான் என்று பார்க்கிறோம், எப்படி ஆடுகிறான் என்று பார்ப்பதில்லை. நான் பார்த்தேன், பார்த்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்றாவது கேட்டிருக்கலாம்.

ஜூன் 19, காலை 8.00

ஆறுதல் சொல்லி எழுதியவர்களுக்கு நன்றி. ஆறுதலுக்காக எழுதவில்லை. இதைப் படிப்பவர்களில் கடை வைத்திருப்பவர், டியூஷன் எடுப்பவர் யாராவது இருப்பீர்கள். அப்படி ஒரு தடத்தைப் பார்த்தால் 1098க்கு ஒரு போன் போடுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண், காசு கிடையாது.

ஜூன் 25, இரவு 9.15

என் தங்கச்சி மகன், மருமகன் முறை, பத்தாம் வகுப்பு. அவனும் இதே சாயலில் ஒன்றை ஆடுகிறான். ஆட்டத்தின் பெயர் இங்கே முக்கியமில்லை. போன வாரம் தங்கச்சி போனைப் பிடுங்கியதும் கதவைக் காலால் உதைத்தான், தாழ்ப்பாள் பெயர்ந்துவிட்டது. "பார்த்தியா அண்ணே, ரத்த ஆட்டம்" என்று அழுதாள்.

சனிக்கிழமை போய் அவனோடு இருந்தேன். திட்டவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தேன். மெதுவாக வெளியே வந்தது. ஆட்டத்துக்குள் துப்பாக்கிக்குப் பெயின்ட் அடிக்கிற மாதிரி "ஸ்கின்" வாங்க டைமண்ட் என்ற ஆட்டக் காசு வேண்டும். கடையில் விற்பதைவிடப் பாதி விலைக்குத் தருகிறேன் என்று முகம் தெரியாத ஒருவன் மெசேஜில் வந்திருக்கிறான். அம்மாவின் போனில் பின் நம்பர் இவனுக்குத் தெரியும். 1,400 ரூபாய் அனுப்பிவிட்டான். ஆள் மறைந்துவிட்டான். அம்மா கணக்குப் பார்ப்பதற்குள் ஆட்டத்தில் ஜெயித்து, அந்த ஐடியை யாருக்காவது விற்றுப் பணத்தைத் திரும்ப வைத்துவிடலாம் என்று பத்து நாளாக ராத்திரி இரண்டு மணி வரை ஆடியிருக்கிறான். கதவை உதைத்த காலுக்குப் பின்னால் இருந்தது பத்து நாள் தூக்கமின்மையும் 1,400 ரூபாய் பயமும்.

சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் போன் செய்து புகார் பதிந்தோம். பின் நம்பரை மாற்றினோம். ஞாயிறு முழுக்கத் தூங்கினான்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் விளையாட்டு அடிமைத்தனத்தை நோய்ப் பட்டியலில் சேர்த்தது, 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆட்டத்தை நிறுத்த முடியாமல் போவது, சாப்பாடு, தூக்கம், படிப்பு எல்லாவற்றுக்கும் மேலே ஆட்டம் ஏறுவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது, இதெல்லாம் பொதுவாக ஒரு வருஷம் நீடிப்பது என்பதுதான் அவர்கள் பார்க்கும் அடையாளம். துப்பாக்கி ஆட்டமா, மிட்டாய் உடைக்கிற ஆட்டமா என்று அங்கே கேள்வியே இல்லை. அந்த அளவுக்குப் போனவர்கள் அரசின் 14416 எண்ணில் மனநல ஆலோசனை கேட்கலாம், தமிழிலேயே பேசுவார்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே தனி கிளினிக் இருக்கிறது.

ஜூலை 2, காலை 10.20

சீனா மாதிரி இங்கேயும் சட்டம் வேண்டும் என்கிறார் ஒருவர். அங்கே 2021 செப்டம்பரிலிருந்து 18 வயதுக்குக் கீழே வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டும்தான். தென் கொரியாவில் 16 வயதுக்குக் கீழே நள்ளிரவு முதல் காலை 6 வரை ஆடக் கூடாது என்று 2011இல் சட்டம் போட்டு, பத்து வருஷம் பார்த்துவிட்டு எடுத்துவிட்டார்கள். இங்கேயும் பேட்டில்கிரவுண்ட்ஸில் 18க்குக் கீழே ஒரு நாளைக்கு 3 மணி நேரம்தான். என் மருமகன் வகுப்பில் எல்லோரும் அப்பாவின் நம்பரில் கணக்குத் திறந்திருக்கிறார்களாம். கணக்குப்படி 45 வயது ஆட்கள்.

ஜூலை 9, இரவு 9.50

கேள்வி கேட்ட சகோதரி எழுதியிருக்கிறார். இயர்போனைக் கழற்றி ஸ்பீக்கரில் போட்டு ஒரு ஆட்டம் முழுக்கப் பக்கத்தில் உட்காருங்கள் என்று தனியாகச் சொல்லியிருந்தேன். உட்கார்ந்திருக்கிறார். துப்பாக்கிச் சத்தம் ஒன்றும் செய்யவில்லை. உள்ளே பேசியவர்களின் வாயைக் கேட்டதும்தான் கை நடுங்கிவிட்டது என்கிறார். ஸ்குவாடில் நாலு பேர். ஒருவன் மகனின் வகுப்புத் தோழன். மற்ற இரண்டு பேரும் யாரென்றே தெரியாதவர்கள், இருபதைத் தாண்டிய குரல்கள். இவன் ஒரு இடத்தில் குறி தவறியதும் தாயைச் சேர்த்து ஒரு சொல் வந்திருக்கிறது. பையன் அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்கிறான், போனைப் பார்த்திருக்கிறான், "தினமும் இப்படித்தாம்மா" என்றிருக்கிறான்.

நான் கடையில் கேட்ட கெட்ட வார்த்தைகளுக்கு முகம் இருந்தது. "டேய், வாயைக் கழுவு" என்று கல்லாவிலிருந்து ஒரு சத்தம் போட்டால் அடங்கும். இங்கே அந்தச் சத்தம் போட ஆளே இல்லை. அம்மாவும் மகனும் சேர்ந்து அந்த இரண்டு பேரையும் மியூட் செய்து நீக்கிவிட்டார்கள். இப்போது பள்ளி நண்பர்கள் நாலு பேர் மட்டும், மாலை ஆறரை முதல் எட்டு வரை, ஹாலில் வைத்து. கத்தல் பாதியாகிவிட்டதாம்.

ஜூலை 22, இரவு 10.40

எட்டாம் நம்பர் மெஷின் பையனைப் பற்றி. பழைய கடைப் பையன் ஒருவன் ஜூன் 18 குறிப்பைப் படித்துவிட்டு இன்று மாலை போன் செய்தான். "அண்ணாச்சி, அது யாருன்னு எனக்குத் தெரியும்" என்றான். 2006இல் சாத்தூரில் இருக்கும் ஆச்சி வீட்டுக்குப் போய்விட்டானாம், ஆச்சியே வந்து கூட்டிப்போயிருக்கிறார். இப்போது சிவகாசியில் ஆஃப்செட் பிரஸ்ஸில் மெஷின் ஓட்டுகிறான். கல்யாணம் ஆகிவிட்டது, ஒரு பெண் குழந்தை. நம்பர் வாங்கி வைத்திருக்கிறேன்.

நாளை ஞாயிறு, பிரஸ் லீவாக இருக்கும். காலையில் பத்து மணிக்கு மேல் கூப்பிடப்போகிறேன்.